பம்பு மோட்டாருக்கு ஏற்ற ஓவர்லோடு ரிலேயைத் தேர்ந்தெடுக்கும் முறை

பைகாராவில் 1932-ம் வருஷத்திலும், மேட்டூரில் 1937-ம் வருஷத்திலும், பாபநாசத்தில் 1944-ம் வருஷத்திலும் நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பின்னர், கவலை பூட்டி இறைத்துவந்த கிணறுகளில் படிப்படியாக மோட்டாரும் பம்பும் வந்து சேர்ந்தன. மாடு களைத்தால் நின்றுவிடும். ஓட்டுகிறவனும் அதன் மூச்சைப் பார்த்து நிழலில் கட்டுவான். மோட்டாருக்கு அந்தக் குணம் இல்லை. பாரம் மிஞ்சினாலும், மின்சாரத்தின் அழுத்தம் தாழ்ந்தாலும், மூன்று கம்பிகளில் ஒன்று அறுந்தாலும், தன் சுருள் கருகும்வரை அது இழுத்துக்கொண்டேயிருக்கும். அதன் களைப்பை அறிந்து நிறுத்துவதற்காகவே ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓவர்லோடு ரிலே என்னும் சிறு சாதனம் வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி நமது சங்க அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் இங்கே கூறப்படுகின்றன.

இது வயர்மேனுடைய வேலைதானே, சங்கத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. பம்பு செட்டுக்காகக் கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவரின் மோட்டார் எரிந்துபோனால், காயில் கட்டும் செலவு ஒருபுறமிருக்க, அதைக் கழற்றி, பட்டறைக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் பல நாட்கள் கழிந்துவிடுகின்றன. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் அவ்வளவு நாள் தண்ணீர் நின்றால் மகசூல் என்னவாகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மகசூலை நம்பித்தான் தவணையும் எழுதப்பட்டிருக்கிறது. வாய்தா தவறிய கணக்குகளை நான் தணிக்கை செய்யும்போது, “மோட்டார் எரிந்துவிட்டது” என்ற காரணம், “மழை இல்லை” என்பதற்கு அடுத்தபடியாக அடிக்கடி என் காதில் விழுகிறது. மழை நம் கையில் இல்லை. ரிலே நம் கையில் இருக்கிறது.

முதலாவது, பியூஸ் வேறு, ரிலே வேறு என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பியூஸ் இருந்தால் போதுமே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. 5 குதிரை சக்தியுள்ள மும்முனை மோட்டார் 415 வோல்ட் அழுத்தத்தில் முழுப் பாரத்துடன் ஓடும்போது ஏறக்குறைய 7½ ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். ஆனால் நேராகப் பிடித்துக் கிளப்பும் கணத்தில் அதைப்போல் ஆறு ஏழு மடங்கு, அதாவது 45 ஆம்பியருக்கு மேலேயே, சில வினாடிகள் இழுக்கும். அந்த வேகத்தைத் தாங்குவதற்காகப் பியூஸ் கம்பியை 15 அல்லது 20 ஆம்பியர் அளவில் போட வேண்டியிருக்கிறது. பின்னர் மோட்டார் 11 ஆம்பியரோ 12 ஆம்பியரோ இழுத்து மணிக்கணக்கில் வெந்துகொண்டிருந்தாலும் அந்தப் பியூஸ் அசையாது. கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும் சமயத்தில் அறுந்து காப்பதே பியூஸின் வேலை. மெல்ல மெல்லச் சூடேறும் ஆபத்துக்கு ரிலேயே மருந்து. பியூஸ் கட்டையில் வயரிலிருந்து உரித்த செப்புக் கம்பியை நாலைந்து இழையாக முறுக்கிப் போடுகிறவர்கள் இரண்டு காவலையும் இழந்து நிற்கிறார்கள்.

ரிலேயின் உள்ளே மூன்று பட்டைகள் இருக்கின்றன, கம்பி ஒன்றுக்குப் பட்டை ஒன்றாக. ஒவ்வொரு பட்டையும் இருவேறு உலோகங்களை ஒன்றாக ஒட்டிச் செய்தது. உஷ்ணம் ஏறினால் ஓர் உலோகம் அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் நீளுமாகையால், பட்டை ஒரு பக்கமாக வளையும். மோட்டாருக்குச் செல்லும் மின்சாரமே இந்தப் பட்டைகளைச் சுடவைக்கிறது. அளவு மிஞ்சினால் பட்டை வளைந்து ஒரு நெம்புகோலைத் தள்ள, ஸ்டார்ட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும் நோ-வோல்ட் காயிலுக்குச் செல்லும் மின்சாரம் அறுந்து, ஸ்டார்ட்டர் விழுந்துவிடுகிறது. கிளப்பும்போது வரும் சில வினாடி வேகத்துக்குப் பட்டை வளைவதில்லை. அதற்குள் அவ்வளவு உஷ்ணம் ஏறாது. மோட்டார் எப்படிச் சூடாகிறதோ அப்படியே ரிலேயும் சூடாகிறது என்பதில்தான் இதன் பெருமை அடங்கியிருக்கிறது.

ரிலேயின் முகப்பில் ஒரு சிறு திருகும், அதைச் சுற்றி ஆம்பியர் அளவுகளும் காணப்படும். ஒவ்வொரு ரிலேக்கும் கீழெல்லை, மேலெல்லை உண்டு. 6 முதல் 10 வரை, 9 முதல் 15 வரை, 14 முதல் 23 வரை என்று கடைகளில் கிடைக்கின்றன. இவற்றில் எதை வாங்குவது என்பதைக் குதிரை சக்தியைக் கொண்டு மாத்திரம் தீர்மானிக்கலாகாது. மோட்டாரின் மேல் அடித்திருக்கும் தகட்டில் ஆம்பியர் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அதுவே ஆதாரம். குதிரை சக்திக்கு 1½ ஆம்பியர் என்னும் வாய்க்கணக்கு, தகடு அழிந்துபோன மோட்டாருக்குத் தற்காலிகமாக உதவும், அவ்வளவே. ஆழ்குழாய்க் கிணற்றில் இறங்கும் நீர்மூழ்கி மோட்டார்கள் ஒடுங்கிய உடல் கொண்டவையாகையால், அதே குதிரை சக்திக்குச் சற்று அதிகமாகவே இழுக்கின்றன. ஒருமுறை காயில் கட்டிய மோட்டாரில் தகட்டை முழுதும் நம்புவதற்கில்லை. கம்பியின் கனமும் சுற்றும் மாறியிருந்தால் ஆம்பியரும் மாறியிருக்கும். அப்படிப்பட்ட மோட்டாரை ஓடவிட்டு, டாங் டெஸ்டர் கொண்டு மூன்று கம்பிகளிலும் அளந்து பார்ப்பது அவசியம்.

தகட்டு அளவு ரிலேயின் இரு எல்லைகளுக்கும் ஏறக்குறைய நடுவில் விழும்படி பார்த்து வாங்க வேண்டும். 7½ ஆம்பியர் மோட்டாருக்கு 6 முதல் 10 வரையுள்ள ரிலே பொருந்தும். கடைக்காரர், “அது இருப்பில் இல்லை, இது பெரியது, இன்னும் நல்லது” என்று 9 முதல் 15 வரையுள்ளதைக் கொடுத்தால் வாங்கக்கூடாது. திருகைக் கடைசிவரை குறைத்தாலும் அது 9-க்குக் கீழே இறங்காது. திருகை 7½-ல் வைத்த ரிலே, 20 சதவிகிதம் அதிகமான பாரத்தில், அதாவது 9 ஆம்பியரில், இரண்டு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்பது இப்போது அமலிலுள்ள தர விதி. அதே விதிப்படி 10-ல் வைத்த ரிலே விழுவதற்கு 12 ஆம்பியர் தேவைப்படும். சுருளில் உண்டாகும் உஷ்ணம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுமாகையால், 12 ஆம்பியரில் அந்த மோட்டாரின் சுருள் முறைப்படி தாங்க வேண்டிய உஷ்ணத்தைப்போல் இரண்டரை மடங்கு தாங்கவேண்டியதாகும். சுருளின் மேற்பூச்சு பத்து டிகிரி அதிக உஷ்ணத்துக்குப் பாதி ஆயுளை இழக்கிறது என்பது மின்சார நிபுணர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் கணக்கு. ஆகையால் அன்றைக்கே எரியாவிட்டாலும், பத்து வருஷம் உழைக்க வேண்டியது இரண்டு மூன்று வருஷத்தில் பட்டறைக்குப் போய்விடுகிறது.

இனி, மிகுதியான மோட்டார்கள் எரிவதற்குக் காரணமாக நான் கருதும் ஒரு பிழையைக் கூறுகிறேன். 7½ அல்லது 10 குதிரை சக்தியும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்களுக்குப் பொதுவாக ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைக்கிறார்கள். அதில் மோட்டாருக்கு மூன்று வயர்களுக்குப் பதிலாக ஆறு வயர்கள் செல்லும். இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் ரிலே, உள்ளே வரும் முக்கியக் கம்பியில் அல்லாமல், சுருளுக்குச் செல்லும் கம்பியில் வைக்கப்பட்டிருக்கிறது. டெல்டா இணைப்பில் சுருளுக்குள் ஓடும் மின்சாரம், முக்கியக் கம்பியில் ஓடுவதில் 58 சதவிகிதமே. தகட்டில் 15 ஆம்பியர் என்று இருக்கும் 10 குதிரை சக்தி மோட்டாரில், ரிலேயின் வழியாகச் செல்வது 8.7 ஆம்பியர்தான். ஆகவே அதற்கு வேண்டிய ரிலே 6 முதல் 10 வரையுள்ளது. திருகு நிற்க வேண்டிய இடம் 8.7. இதை அறியாமல், தகட்டில் 15 என்று கண்டவுடன் 14 முதல் 23 வரையுள்ள ரிலேயை வாங்கி 15-ல் திருகி வைத்துவிட்டால், அந்த மோட்டார் முக்கியக் கம்பியில் 26 ஆம்பியர் வரை இழுத்தாலும் ரிலே அதைப் பாரமாகவே எண்ணாது. பெட்டிக்குள் ரிலே இருக்கிறது, திருகும் தகட்டின்படியே இருக்கிறது. ஆயினும் காவல் இல்லை. இதைப்போல் ஏமாற்றுவது வேறொன்றுமில்லை.

ரிலே எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எப்படிக் கண்டறிவது? ஸ்டார்ட்டர் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தை வயர்மேனிடம் காட்டிக் கேட்கலாம். அதைவிட எளிய வழி, மோட்டார் ஓடும்போது ரிலேயின் கீழ் செல்லும் வயரையும், பெட்டிக்குள் வரும் வயரையும் டாங் டெஸ்டரால் தனித்தனியே அளப்பது. இரண்டும் ஒன்றாயிருந்தால் தகட்டு அளவையே வைக்கலாம். ரிலே வயரில் குறைவாகக் கண்டால், தகட்டு அளவை 0.58-ஆல் பெருக்கி வைக்க வேண்டும். இந்த அளவையை, உரிமம் பெற்ற வயர்மேன் மாத்திரமே செய்ய வேண்டும். மூடி திறந்த பெட்டியில் மின்சாரம் இருக்கும்போது மற்றவர்கள் கை வைக்கலாகாது.

ரிலேக்கு ஆம்பியர் மாத்திரமன்றி வேகமும் உண்டு. கிளாஸ் 10, கிளாஸ் 20, கிளாஸ் 30 என்று அதன்மேல் எழுதியிருக்கும். மோட்டார் இறுகி நின்று, திருகில் வைத்த அளவைப்போல் 7.2 மடங்கு மின்சாரம் ஓடினால், குளிர்ந்த நிலையிலுள்ள ரிலே முறையே 10, 20, 30 வினாடிகளுக்குள் விழும் என்பது அந்த எண்களின் பொருள். பம்பு மோட்டாருக்குக் கிளாஸ் 10 போதும். நீர்மூழ்கி மோட்டாருக்கு அதைவிடத் தாமதமானது கூடவே கூடாது. அதன் சுருள் சுற்றியுள்ள தண்ணீரால் குளிர்ந்து உழைப்பதாகையால், இறுகி நின்றுவிட்டால் வெகு சீக்கிரம் வெந்துபோகும். கனமான சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய பெரிய காற்றாடி, கல் உடைக்கும் யந்திரம் ஆகியவை வேகம் பிடிக்க வெகு நேரம் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கே 20-ம் 30-ம் வேண்டும்.

அழுத்தம் தாழும் காலத்தில் ரிலே அடிக்கடி விழுவது வழக்கம். 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 350 வோல்ட் வந்தால், அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்ற மோட்டார் 7½ ஆம்பியருக்குப் பதில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கிறது. ரிலே விழுகிறது. உடனே நம்மவர் திருகைக் கூட்டி வைக்கிறார், மோட்டார் ஓடுகிறது, ரிலேதான் கெட்டுப்போயிருந்தது என்று மகிழ்கிறார். உண்மையில் வாயிற்காவலன் கூவியதற்கு அவன் வாயைக் கட்டியதாயிற்று. அப்படிப்பட்ட வேளையில் பம்பின் வெளியேற்றுக் குழாயிலுள்ள வால்வைச் சற்று மூடினால், தண்ணீர் சிறிது குறைந்தாலும் ஆம்பியரும் குறைந்து மோட்டார் பிழைக்கும். கிணற்றில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும் மழைக்காலத்திலும் இதே வைத்தியம் பலிக்கும். கிணறு நிறைந்திருந்தால் மோட்டாருக்கு வேலை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். நாம் சாதாரணமாக உபயோகிக்கும் சுழல் பம்புகளில் அப்படியல்ல. ஏற்ற வேண்டிய உயரம் குறைந்தவுடன் பம்பு அதிகத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்து, மோட்டாரின் பாரம் ஏறுகிறது. நல்ல மழைக்குப் பின் சில மோட்டார்கள் எரிவதன் மர்மம் இதுவே.

மும்முனையில் ஒரு முனை போய்விடுவது எல்லாவற்றிலும் கொடியது. டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போனாலோ, நம் பெட்டியிலேயே ஒரு முனை தளர்ந்து கருகினாலோ, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்பதில்லை. மீதி இரண்டு கம்பிகளில் 1.7 மடங்கு அல்லது அதற்கும் மேல் இழுத்துக்கொண்டு உறுமலுடன் ஓடுகிறது. அந்த இரண்டு கம்பிகளின் உஷ்ணம் மூன்று மடங்காகிறது. சரியாகத் திருகி வைத்த ரிலே இதை அறிந்து விழும். ஆயினும் டெல்டாவில் ஓடும் மோட்டார் அரைப் பாரத்துக்குச் சற்று மேல் மாத்திரம் ஓடிக்கொண்டிருந்தால், கம்பியின் ஆம்பியர் தகட்டு அளவுக்குள்ளேயே இருக்கும்போதே ஒரு சுருளில் மட்டும் அளவு மிஞ்சிவிடும். ஆகையால், மூன்று பட்டைகளில் ஒன்று குளிர்ந்திருந்தாலும் முன்கூட்டியே விழும்படி அமைத்த ரிலேயைக் கேட்டு வாங்குவது நலம். அதனோடு பிரிவென்ட்டர் என்று வழங்கும் தனிச் சாதனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிவென்ட்டரில் அழுத்தத்தைப் பார்ப்பது, ஆம்பியரைப் பார்ப்பது என்று இரு வகைகள் உள்ளன. ஓடும் மோட்டார், இழந்த முனையிலும் தானே ஓரளவு அழுத்தத்தை உண்டாக்குவதால், அழுத்தத்தைப் பார்க்கும் பிரிவென்ட்டர் சில சமயம் ஏமாறும். விலை சற்று கூடினாலும் ஆம்பியரைப் பார்ப்பதே நம்பத்தக்கது.

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கெபாசிட்டர் வைத்து இரண்டு முனையில் மோட்டாரை ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதற்காகப் பிரிவென்ட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். பயிர் வாடும்போது அப்படிச் செய்யத் தோன்றும் மனத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் மும்முனை திரும்பி வந்தபின்னும் பிரிவென்ட்டர் கழற்றியபடியே கிடப்பதைத்தான் எங்கும் காண்கிறேன்.

மோட்டார் எரிந்துவிட்டால், காயில் கட்டுகிறவர் அதைப் பிரிக்கும்போது அங்கத்தினர் நேரில் சென்று பார்ப்பது மிகவும் பிரயோஜனமுள்ளது. சுருள்கள் யாவும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், பாரம் மிஞ்சியோ அழுத்தம் தாழ்ந்தோ எரிந்தது; ரிலேயின் அளவு தவறு. சில சுருள்கள் கரியாகி, மற்றவை புதிது போல் பளபளவென்றிருந்தால் முனை போய் எரிந்தது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கறுத்திருந்தால் ஸ்டார் இணைப்பு. ஒரு பங்கு மாத்திரம் கறுத்திருந்தால் டெல்டா. இதைப் பார்க்காமல் பழைய ஸ்டார்ட்டரிலேயே புதுக் காயிலை மாட்டினால், அதே நோயால் அது மறுபடியும் சாகும். காயில் கட்டும் பட்டறைக்கு ரிலேயையும் உடன் எடுத்துச் செல்லுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரிலேயால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. கிணறு வற்றிப் பம்பு வெறுமையாக ஓடினால் ஆம்பியர் ஏறாது, குறையும், ரிலே அறியாது. நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீரே குளிர்ச்சியாகையால் வெறும் ஓட்டம் அதற்கு விஷம். ஆம்பியர் குறைந்தால் நிறுத்தும் வேறொரு சாதனம் அதற்கு வேண்டும்.

சங்கப் பஞ்சாயத்தார் பம்பு செட்டுக் கடனை மஞ்சூர் செய்யும்போது, கடைக்காரரின் விலைப் பட்டியலில் “ஸ்டார்ட்டர் ஒன்று” என்று மாத்திரம் இருந்தால் ஏற்க வேண்டாம். மோட்டாரின் தகட்டு ஆம்பியர், ஸ்டார்ட்டரின் வகை, ரிலேயின் இரு எல்லைகள், கிளாஸ் ஆகியவற்றை எழுதி வாங்கலாம். ஒரு டாங் டெஸ்டரைச் சங்கச் செலவில் வாங்கி வைத்து, அங்கத்தினர்களின் வயர்மேன் கேட்கும்போது கொடுத்து வாங்குவது, ஒரு மோட்டாரைக் காத்தாலும் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

ரிலே விழுந்தபின் உடனே பொத்தானை அழுத்திக் கிளப்புவது தவறு. பட்டை ஆறுவதற்குச் சில நிமிஷங்கள் ஆகும். மோட்டாரின் சுருள் ஆறுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். இரவில் மின்சாரம் வரும்போது தானாகக் கிளம்பும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள், ரிலேயில் “கை”, “தானாக” என்று இருக்கும் இரு நிலைகளில் “கை” என்பதிலேயே வைக்க வேண்டும். “தானாக” என்பதில் வைத்தால், ரிலே விழுந்து ஆறியவுடன் மோட்டார் மறுபடி கிளம்பும், மறுபடி விழும். வீட்டில் தூங்குகிறவருக்கு இது தெரியாது. ரிலே இருமுறை விழுந்தால் மூன்றாம் முறை அழுத்தாமல், மூன்று முனையும் வருகிறதா, பேரிங் இறுகியிருக்கிறதா, பம்பின் கிளாண்டு அதிகமாக முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வயர்மேனை அழைக்க வேண்டும்.